லட்சம் கோப்புகளுக்கு நடுவே ஒரு கோப்பு

கணினியில் ஒரு கோப்பைக் கண்டெடுக்க ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் ஒரே ஏற்பாட்டைத்தான் தருகின்றன. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, கடைசியில் கோப்பு. வேரிலிருந்து கிளை பிரியும் இந்த மர அமைப்பை, மல்டிக்ஸ் என்ற இயக்குதளத்துக்காக டேலி, நியூமன் ஆகிய இருவரும் 1965இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை விரிவாக முன்வைத்தது. பின்னால் வந்த யூனிக்ஸ் அதைக் கைக்கொண்டது. 1983இல் எம்எஸ்-டாஸ் 2.0 வழியாக அது மேசைக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்த பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்ததுதான் அதற்குக் காரணம். அதற்கு முன் ஒரு ஃபிளாப்பியில் கிடந்த சில டஜன் கோப்புகளுக்கு ஃபோல்டர் என்ற ஒன்றே தேவைப்படவில்லை. 1984இல் வெளிவந்த முதல் மெக்கின்டாஷின் திரையில் ஃபோல்டர் படம் தெரிந்தது. ஆனால் 400 கிலோபைட் ஃபிளாப்பிக்குள் எல்லாக் கோப்புகளும் ஒரே வரிசையாகத்தான் இருந்தன. ஹார்ட் டிஸ்க் இணைந்த மறு ஆண்டில்தான் திரையில் தெரிந்த ஃபோல்டர் வட்டிலும் உண்மையாயிற்று.

கோப்புகளின் எண்ணிக்கை கூடியபோதெல்லாம் அவற்றுக்குள் போய்வரும் வழியும் மாற வேண்டியிருந்தது என்பதை இந்தத் தொடக்கமே காட்டுகிறது. இப்போது மறுபடியும் அப்படியொரு கட்டம் வந்திருக்கிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் அட்லஸ் சோதனையின் தரவுகளை நிர்வகிக்கும் ரூசியோ என்ற மென்பொருள் 100 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகளைக் கையாள்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு நாளிதழின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்வதாக வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 16 பக்கம், ஆண்டுக்கு 365 நாள், மொத்தம் 50 ஆண்டு என்றால் 2,92,000 கோப்புகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெரிய படம், ஒரு சிறிய படம், ஓர் எழுத்து வடிவம் என்று மூன்று கோப்புகள் எடுத்தால் எண்ணிக்கை ஒன்பது லட்சத்தை நெருங்கிவிடும். ஒரு சிறிய ஆவணக் காப்பகமே இந்த அளவைத் தொட்டுவிடும்.

இவற்றை ஆண்டு, மாதம், தேதி என்று ஃபோல்டர் பிரித்து அடுக்கினால், 1974 ஆகஸ்ட் 15ஆம் தேதி இதழை எடுப்பது சுலபம். ஆனால் காவிரி வெள்ளம் பற்றிய செய்திகளைத் தேடி வருகிறவருக்கு இந்த அடுக்கு எந்த உதவியும் செய்யாது. பொருள்வாரியாக அடுக்கினால் தேதி கேட்பவர் திண்டாடுவார். மரத்தில் ஒரு கோப்புக்கு ஓர் இடம்தான். அதைத் தேடி வருகிறவர்களோ பல வழியாக வருகிறார்கள். சேமிப்பவர் எடுத்த ஒரு முடிவு, பின்னால் வரும் எல்லாருடைய வழியையும் தீர்மானித்துவிடுகிறது. சில ஆயிரம் கோப்புகள் வரை இதைப் பொறுத்துக்கொள்ளலாம். லட்சங்களில் பொறுக்க முடியாது.

ஆகவே பெரிய தொகுப்புகளுக்கான மறுவடிவமைப்பில் முதல் வேலை, கோப்பு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அது எப்படிக் காட்டப்படுகிறது என்பதையும் பிரிப்பது. சேமிக்கும் அமைப்பு இயந்திரத்தின் வசதிக்கு. காட்டும் அமைப்பு மனிதரின் வசதிக்கு. நிரலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கிட் மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் அது ஒரு நீண்ட குறியீட்டைக் கணக்கிடுகிறது. அந்தக் குறியீட்டின் முதல் இரண்டு எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் அதைப் போட்டு வைக்கிறது. மொத்தம் 256 ஃபோல்டர்களில் சரக்கு சமமாகப் பரவிவிடுகிறது. எந்த மனிதரும் அந்த 256 ஃபோல்டர்களைத் திறந்து பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது தான் எழுதிய நிரலின் பெயர்களையும் அடுக்குகளையும்தான்.

மேகக் கணினிச் சேமிப்பில் இந்தப் பிரிவு இன்னும் ஆழமானது. 2006இல் தொடங்கிய அமேசான் எஸ்3 சேவையில் ‘பக்கெட்’ எனப்படும் வழக்கமான சேமிப்பிடத்தில் ஃபோல்டர் என்று எதுவுமே கிடையாது. ‘1974/08/15/பக்கம்3’ என்பது முழுவதும் ஒரே பெயர். நடுவில் உள்ள சாய்கோட்டைப் பார்த்து, திரைதான் அதை ஃபோல்டர்போலப் பிரித்துக் காட்டுகிறது. இதன் விளைவு, பயனர் ‘1974’ என்ற ஃபோல்டரின் பெயரை மாற்ற நினைக்கும்போதுதான் தெரியவரும். சொந்தக் கணினியில் கண் இமைக்கும் நேரத்தில் முடியும் அந்த வேலைக்கு, இங்கே அந்தப் பெயரில் தொடங்கும் ஒவ்வொரு கோப்பையும் புதிய பெயரில் நகலெடுத்துப் பழையதை அழிக்க வேண்டும். பல ஆயிரம் கோப்புகள் என்றால் நேரமும் செலவும் ஆகும். பாதியில் நின்றால் பாதி பழைய பெயரிலும் பாதி புதிய பெயரிலும் கிடக்கும். நல்ல மென்பொருள் இதை முன்கூட்டியே சொல்லி, எவ்வளவு முடிந்தது என்பதையும் காட்டும். இதை மறைத்துவிட்டு, பெயர்மாற்றம் எப்போதும்போல எளியது என்று பயனரை நம்பவைக்கும் திரை அவருக்குத் துரோகம் செய்கிறது.

ஒரு லட்சம் கோப்புகள் கொண்ட ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால், பழைய வடிவமைப்பு ஏன் திணறுகிறது என்பது புரியும். முதலில் எல்லாப் பெயர்களையும் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கோப்பின் அளவையும் தேதியையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கோப்புகள் தொலைவிலுள்ள சர்வரில் இருந்தால், இந்தக் கேள்வி பதிலிலேயே பெரும்பகுதி நேரம் போய்விடும். அடுத்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்த வேண்டும். அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் சின்னமும் சிறு படமும் வரைய வேண்டும். இத்தனையும் முடியும்வரை பயனர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவுக்கும் அவர் கண்ணுக்கு ஒரு நேரத்தில் தெரியப்போவது முப்பது நாற்பது வரிகள்தான்.

தீர்வு அந்தக் கடைசி உண்மையிலேயே இருக்கிறது. கண்ணில் படும் வரிகளை மட்டும் வரைந்தால் போதும். பயனர் கீழே நகரும்போது மேலே மறையும் வரிகளை நீக்கி, அதே இடத்தில் புதியவற்றைப் போடலாம். அளவு, தேதி, சிறு படம் ஆகியவற்றையும் தெரியும் வரிகளுக்கு மட்டும் கேட்டு வாங்கலாம். வரிசைப்படுத்தும் வேலையை முன்பே தயாரித்த அட்டவணையின் உதவியோடு சர்வரே செய்து தரலாம். எஸ்3 ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1,000 பெயர்களைத்தான் தரும். லட்சம் பெயர்களை வாங்க நூறு முறை கேட்க வேண்டும். அதனால் முதல் ஆயிரம் வந்தவுடனே காட்டத் தொடங்கி, மற்றவை பின்னால் வந்து சேரும்படி அமைப்பதே முறை. மொத்தம் எத்தனை என்று இன்னும் தெரியாத நிலையில் ‘1,000 கோப்புகள்’ என்று எழுதிவிடக் கூடாது. ‘1,000க்கு மேல்’ என்று எழுத வேண்டும். சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த எண்ணை நம்பி, தொகுப்பில் அவ்வளவுதான் இருக்கிறது என்று ஒருவர் முடிவுகட்டிவிட்டால், மீதி 99,000 கோப்புகள் அவரைப் பொறுத்தவரை இல்லாமலே போய்விடும்.

உருள் பட்டையும் இந்த அளவில் தோற்றுப்போகிறது. 900 புள்ளி உயரமுள்ள பட்டையில் லட்சம் கோப்புகளை அடக்கினால், ஒரு புள்ளி நகர்த்தினாலே 111 கோப்புகள் கடந்துவிடும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிறுத்துவது கைக்கு இயலாத காரியம். அதனால் பட்டையை இழுக்கும்போதே பக்கத்தில் ‘1981 மார்ச்’ என்றோ ‘ம’ வரிசை என்றோ ஓர் அடையாளம் தோன்றச் செய்வது பயன் தருகிறது. செல்போனில் படத் தொகுப்பைப் புரட்டியவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். இதற்கு மாறாக, கீழே போகப் போக முடிவில்லாமல் நீளும் பட்டியல் பொழுதுபோக்குக்குச் சரி; ஒன்றைத் தேடி வந்தவருக்குச் சரிவராது. பட்டியலின் நீளமும் தெரியாது, தான் நிற்கும் இடமும் தெரியாது.

வரிசை முறையைப் பலரும் அற்பம் என்று விட்டுவிடுகிறார்கள். தொகுப்பு பெரிதாகும்போது தொல்லை தருவதில் அதற்கு முதலிடம். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கணினிக்கு ‘பக்கம்10’ என்பது ‘பக்கம்2’க்கு முன்னால் வரும், ஏனென்றால் 1 என்ற எழுத்து 2க்கு முந்தியது. எண்ணை எண்ணாகவே படித்து ஒப்பிடும் முறையை மென்பொருள் கையாள வேண்டும். அல்லது கோப்புக்குப் பெயர் வைக்கும்போதே 002, 010 என்று பூஜ்யம் சேர்த்து வைக்க வேண்டும். தேதியை 15-08-1974 என்று எழுதினால் எல்லா மாதங்களின் 15ஆம் தேதிகளும் ஒன்றாகத் திரண்டு நிற்கும்; 1974-08-15 என்று எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. யூனிக்கோடு அட்டவணையில் தமிழ் மெய்கள் ய, ர, ற, ல, ள, ழ, வ என்று எண் பெற்றிருக்கின்றன. ‘ன’ எழுத்து ‘ந’வை அடுத்து நிற்கிறது. அந்த எண்களை அப்படியே ஒப்பிட்டால் ‘பழனி’ முன்னும் ‘பவானி’ பின்னும் வரும். தமிழ் அகராதி பார்த்துப் பழகியவர் ‘வ’வுக்குப் பிறகுதான் ‘ழ’வை எதிர்பார்ப்பார். பத்துப் பெயர் உள்ள பட்டியலில் கண் சமாளித்துக்கொள்ளும். பத்தாயிரம் பெயர் உள்ள பட்டியலில், இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊர் இல்லாவிட்டால், அது தொகுப்பிலேயே இல்லை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். தமிழுக்குரிய வரிசை விதிகள் யூனிக்கோடு அமைப்பின் மொழித் தரவில் ஆயத்தமாகவே இருக்கின்றன. நிரலாளர் அவற்றை அழைத்துப் பயன்படுத்தினால் போதும். இன்னொன்று: ‘கொடைக்கானல்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் ஒருமுகப்படுத்தாமல் ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒன்றைத் தட்டச்சிட்டுத் தேடினால் மற்றது வராது. கோப்பு உள்ளே வரும்போதே இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி வைப்பதுதான் இதற்கு மருந்து.

ஒரு கோப்புக்குப் பல வழிகள் வேண்டும் என்ற தேவைக்கு விடை கணினிக்கு முன்பே கிடைத்துவிட்டது. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். உலகத்து அறிவு முழுவதையும் முன்கூட்டியே ஒரே மரமாகக் கிளை பிரித்து வைக்கும் முறைகளுக்கு மாற்றாக, ஒரு நூலைப் பல முகங்களிலிருந்து பார்க்கலாம் என்றார் அவர். எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து அடிப்படை முகங்களை வகுத்து, அவற்றைச் சேர்த்து ஒரு நூலின் எண்ணை உருவாக்கினார். இன்று ஆன்லைன் கடையில் விலை, நிறம், அளவு என்று ஓரத்தில் வடிகட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சிந்தனையின் வாரிசான ஒரு முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மார்ட்டி ஹெர்ஸ்டும் அவருடைய குழுவும் ஃபிளமென்கோ என்ற ஆய்வுத் திட்டத்தில் இதைப் பெரிய படத் தொகுப்புகளுக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

நாளிதழ்க் காப்பகத்தில் இது இப்படி நடக்கும். ஓரத்தில் ஆண்டு, பதிப்பு, பகுதி, பொருள் என்று நான்கு பட்டியல்கள். ‘மதுரைப் பதிப்பு’ என்று தேர்ந்தால் நடுவில் உள்ள கோப்புகள் குறையும்; மற்ற மூன்று பட்டியல்களிலும் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் உள்ள எண்ணிக்கை உடனே மாறும். அந்த எண்ணிக்கைதான் இந்த முறையின் உயிர். கிளிக் செய்வதற்கு முன்பே அந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. ஒன்றுமே இல்லாத பக்கம் போய் ஏமாறும் நிலை வராது. எந்த வரிசையில் தேர்ந்தாலும் அதே கோப்புகளில் போய்ச் சேரலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் இந்த விவரங்களை யாராவது பதிந்திருக்க வேண்டும். சில துறைகளில் கருவியே பதிந்துவிடுகிறது. மருத்துவமனை ஸ்கேன் படங்களுக்கான டைகாம் தரத்தில் நோயாளி, பரிசோதனை, படவரிசை, படம் என்ற அடுக்கு ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். கோப்பின் பெயர் வெறும் எண்களாக இருந்தாலும் மென்பொருள் உள்ளே படித்துச் சரியாக அடுக்கிவிடும். கேமராவும் தேதியையும் லென்ஸ் விவரத்தையும் படத்திலேயே பதிகிறது. பழைய நாளிதழுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒருவர் உட்கார்ந்து பொருள் குறிக்க வேண்டும். மறுவடிவமைப்புத் திட்டங்களில் திரைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது இந்த வேலைக்கு ஒதுக்காவிட்டால், அழகான வடிகட்டிகள் காலியாகக் கிடக்கும்.

தேடல் பெட்டி ஒன்று இருந்தால் இவ்வளவும் எதற்கு என்ற கேள்வி நெடுநாளாகக் கேட்கப்படுகிறது. ஃபோல்டரையே தேடலாக மாற்றும் முயற்சியை எம்ஐடி ஆய்வாளர்கள் 1991இலேயே செய்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2003இல் அறிவித்த வின்எஃப்எஸ், கோப்புகளைத் தரவுத்தளம்போலக் கேட்டு எடுக்க வழிசெய்யும் என்று எதிர்பார்க்கப்பட்டு, 2006இல் கைவிடப்பட்டது. 2005இல் ஆப்பிள் கொண்டுவந்த ஸ்பாட்லைட் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் மக்கள் ஃபோல்டரை விடவில்லை. பாரோ, நார்டி இருவரின் 1995ஆம் ஆண்டு ஆய்வும், பின்னர் ஓஃபர் பெர்க்மன், ஸ்டீவ் விட்டேக்கர் முதலியோர் செய்த ஆய்வுகளும் ஒன்றையே கண்டன: தாங்களே வைத்த கோப்பை எடுக்கும்போது மக்கள் முதலில் அது இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள், இடம் நினைவில் இல்லாதபோதுதான் தேடுகிறார்கள். ஃபோல்டர் வழியாகச் செல்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, நிஜ உலகில் வழி கண்டுபிடிக்க உதவும் மூளைப் பகுதிகளே அப்போதும் இயங்குகின்றன என்று காட்டியது. தேடலுக்கோ மொழியைக் கையாளும் பகுதிகள் தேவைப்பட்டன. சொல்லை யோசிக்கும் சுமை இல்லாமல் பழகிய வழியில் போய்ச் சேரும் வசதியை மக்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

பெரிய பொதுத் தொகுப்பில் நிலைமை வேறு; அங்கே கோப்பை வைத்தவர் ஒருவர், தேடி வருகிறவர் வேறொருவர். இடம் பற்றிய நினைவே வருகிறவருக்கு இருக்காது. அங்கே தேடல் கட்டாயம் வேண்டும். ஆனால் தேடிக் கிடைத்த கோப்பு எந்த இடத்தைச் சேர்ந்தது, அதன் அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் முடிவோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வெள்ளச் செய்தி உள்ள பக்கம் கிடைத்ததும் அதற்கு மறுநாள் இதழுக்கு ஒரே கிளிக்கில் போக முடிந்தால், தேடலும் இடமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். திரையின் மேலே ‘காப்பகம் › 1974 › ஆகஸ்ட் › 15’ என்று வந்த தடம் தெரிவதும், பின்னோக்கிப் போனால் முன்பு நின்ற அதே வரியில், அதே தேர்வுகளோடு திரும்ப நிற்பதும் இங்கே அலங்காரம் அல்ல, அடிப்படைத் தேவை. லட்சம் வரிகளில் 40,000ஆவது வரியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது முதல் வரிக்குக் கொண்டுபோய் விடும் மென்பொருளை யாரும் இரண்டாம் முறை நம்பமாட்டார்கள்.

முழுத் தொகுப்பையும் ஒரே பார்வையில் காட்டும் முயற்சிகளில் தலைசிறந்தது ட்ரீமேப். 1990இல் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. இடத்தை அடைத்திருப்பது எது என்று பார்க்க பென் ஷ்னைடர்மன் ஒரு வழி யோசித்தார். திரையின் செவ்வகத்தையே வட்டாகக் கொண்டு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதன் அளவுக்கேற்ற செவ்வகம். அதற்குள் உள் ஃபோல்டர்களுக்குச் சிறு செவ்வகங்கள். பெரிய கோப்பு எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் உடனே கண்ணில் படும். வட்டு நிரம்பினால் காரணம் கண்டுபிடிக்க இன்றும் பயன்படும் பல மென்பொருள்களின் அடிப்படை இதுவே. முதலில் முழுக்காட்சி, பிறகு நெருங்கிப் பார்த்து வடிகட்டல், கேட்டால் மட்டும் விவரம் என்று 1996இல் அவர் வகுத்த நெறி, தரவுத் திரைகளை வடிவமைப்பவர்களின் பாலபாடமாகிவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஃபோல்டர்களை முப்பரிமாணக் கட்டடங்களாகக் காட்டி, மேலே பறந்துபோகச் செய்தது. 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் அந்தத் திரையைக் காணலாம். பார்க்கக் கவர்ச்சி, வேலைக்கு உதவவில்லை. முன்னே நிற்கும் கட்டடம் பின்னே உள்ளதை மறைத்தது, பெயர்களைப் படிப்பதும் கடினமாயிற்று.

பெரும் சேதம் விளையக்கூடிய இடம் ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்ற பெட்டி. பட்டியலில் இதுவரை வந்து சேர்ந்தவை 200, வடிகட்டலில் பொருந்துபவை 38,000 என்றால், அந்தப் பெட்டி எதைக் குறிக்கிறது? பயனர் ஒன்று நினைக்க மென்பொருள் வேறொன்று செய்தால் 38,000 கோப்புகள் அழியக்கூடும். திரையில் உள்ள 200 மட்டும் தேர்வாகியிருக்கின்றன என்று எழுதி, மீதியையும் சேர்க்க வேண்டுமா என்று தனியே கேட்பதே சரியான வழி. அழித்தவற்றைக் குறிப்பிட்ட நாள்வரை மீட்கும் வசதியும் கூடவே இருக்க வேண்டும்.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியாக இந்தப் பட்டியல்களைக் கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் நாற்பது வரிகளை மட்டும் வரையும் உத்தி அவர்களுக்கு ஒரு புதிய தடையை உண்டாக்குகிறது: பட்டியலில் நாற்பதுதான் இருக்கிறது என்று வாசிப்பான் சொல்லிவிடும். ஒவ்வொரு வரியோடும் ‘மொத்தத்தில் இத்தனையாவது’ என்ற குறிப்பைச் சேர்க்க வலைத்தளத் தரங்களில் வழி இருக்கிறது. மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே ஒவ்வொரு வரிக்கும் போகவும், பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டித் தாவவும் முடிய வேண்டும்.

புதிய அமைப்பைக் கட்டி முடித்தபின் பழையதை ஒரே நாளில் மூடுவது மிகக் கெட்ட பழக்கம். பல ஆண்டுகள் ஒரு தொகுப்பில் வேலை செய்தவர்களின் கை பழைய ஃபோல்டர் வழிகளில் ஊறியிருக்கும். அவர்களுடைய குறிப்பேடுகளிலும் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளிலும் பழைய முகவரிகள் பதிந்திருக்கும். அதனால் பழைய ஃபோல்டர் மரத்தையும் ஒரு காட்சியாகத் தொடர விட்டு, பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதிய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் இடத்தைச் சாராத நிலையான அடையாள எண் ஒன்றைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால், அடுத்த முறை அடுக்கை மாற்றும்போது எந்தச் சுட்டியும் அறுந்துபோகாது. புதிய பிரிவுகளின் பெயர்கள் மற்றவர்களுக்குப் புரிகின்றனவா என்று சோதிக்கத் திரை தயாராகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வெறும் பெயர்ப் பட்டியலைக் காட்டி, இன்ன கோப்பை எங்கே தேடுவீர்கள் என்று ஒரு பத்துப் பேரிடம் கேட்டால், அவர்கள் தடுமாறும் பிரிவுகள் அப்போதே தெரிந்துவிடும். ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்பே அவற்றை மாற்றிவிடலாம்.